பெண்ணாடத்துப் பிள்ளைகளும் சாத்தனூர்க் கல்மரமும்

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் எங்காவது போய்வரலாம் என்று பெண்ணாடம் பக்கத்துக் குடும்பங்கள் நினைத்தால், பேச்சு பிச்சாவரத்துக்கும் கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் போகும். கையில் கொஞ்சம் காசும் இரண்டு நாள் விடுப்பும் இருந்தால் வண்டலூர் வரைக்கும் போகும். தென்மேற்கே, பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சாத்தனூரின் பெயர் அந்தப் பேச்சில் அநேகமாக வராது. அங்கே இருப்பது ஒரு சிறிய அரசுப் பூங்கா. ஓடையோரத்தில் கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது; அதைச் சுற்றி ஒரு வேலி. மரத்தின் நீளம் 18 மீட்டர். வயது 12 கோடி ஆண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். காலையில் கிளம்பினால் நிதானமாகப் பார்த்துவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேரலாம். 'ஒரு கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?' என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நாம் காட்டக் கடமைப்பட்ட இடங்களில் அந்தச் சின்ன வேலிக்கே முதலிடம் என்பது என் கட்சி. கடந்த 180 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து எது எங்கே போனது, எது தங்கியது என்று கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பெண்ணாடம் வெள்ளாற்றங்கரை ஊர். வடகிழக்கே விருத்தாசலம், அதையும் தாண்டினால் நெய்வேலி. நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி ஒரு காலத்துக் காடு. 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டபின், நிலக்கரியோடு சேர்ந்து வந்த களிமண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. கொலு பொம்மையும் அகல்விளக்கும் ஃபியூஸ் கட்டையும் செய்யும் சூளைகள் இன்றும் அந்த ஊர்த் தொழிற்பேட்டையில் எரிகின்றன. தெற்கே போனால் வேறு நிலம். 1920களின் இறுதியில் போடப்பட்ட, கார்டு லைன் என்று ரயில்காரர்கள் சொல்லும் விழுப்புரம்–திருச்சி குறுக்குப் பாதையில் பெண்ணாடத்தில் ஏறினால், வண்டி செந்துறையைத் தாண்டி அரியலூர் போகும். அங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். சிமெண்டு ஆலைகள் அதை நம்பி நிற்கின்றன. அந்தச் சுண்ணாம்பைக் கொடுத்தது கடல்; சிப்பியும் நத்தையும் மாண்டு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கடல்தரை அது. ஆக, நெய்வேலிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறவர், விருத்தாசலத்தில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர், அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுகிறவர் ஆகிய மூவரின் வீட்டிலும் உலை கொதிப்பது மனிதன் தோன்றுவதற்கு முன்னால் புதைந்துபோன காட்டையும் சேற்றையும் கடலையும் கொண்டுதான். இந்தச் செய்தி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத செய்தியாக இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

வெளியுலகத்துக்கு இது வெகு காலத்துக்கு முன்பே தெரியும். 1840களின் தொடக்கத்தில் மதராஸ் அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர் புதுச்சேரிப் பகுதியிலும் விருத்தாசலத்திலும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் கல்லாகிய சிப்பிகளையும் சங்குகளையும் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை ஆராய்ந்து 1846இல் லண்டன் புவியியல் கழகத்தின் ஏட்டில் விரிவான அறிக்கை வெளியிட்டார். விருத்தாசலம் என்ற பெயர் ஆங்கில நாக்குக்கு ஏற்றபடி திரிந்து அந்த அறிக்கையில் அச்சாகியிருக்கிறது. பின்னர் 1851இல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஹென்றி பிளான்ஃபோர்டு வந்தார். தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பாறைகளை ஊர் ஊராக அளந்து 1862இல் அவர் எழுதிய நூல்தான் இன்றுவரை இந்தப் பகுதியின் புவியியலுக்கு அடிப்படை. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று அடுக்குகளின் பெயரை உலகமெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அவருக்குப்பின் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா என்ற மொராவியர், 1860களிலும் 70களின் தொடக்கத்திலும், நம் பக்கத்து நத்தைகளையும் சிப்பிகளையும் ஒவ்வொன்றாகப் படம் வரைந்து பெயரிட்டு தொகுதி தொகுதியாக வெளியிட்டார். உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் எடுக்காமல் போயிருந்தால் பல கற்கள் சுண்ணாம்புச் சூளையில் வெந்திருக்கும். ஆனாலும் கற்கள் போன இடங்கள் லண்டனும் கொல்கத்தாவும். பரூர் என்ற விருத்தாசலத்துப் பக்கத்துச் சிற்றூரைப் புவியியலாளர்கள் கட்டுரைகளில் குறிப்பிடுகிறார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்தக் கட்டுரைகளால் ஒரு சிப்பியும் மிஞ்சவில்லை.

எடுத்துப் போனவை பத்திரமாகவாவது இருக்கின்றன. எடுத்தும் பயனில்லாமல் போனதற்கு அரியலூருக்கு அருகிலுள்ள கல்லமேடு சாட்சி. பிளான்ஃபோர்டு காலத்திலேயே அந்தப் பக்கம் டைனோசர் பல் கிடைத்திருக்கிறது. 1980களில் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் அங்கே கண்ட எலும்புகள் மிகப் பெரியவை. கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். ஆறடி ஆள் பக்கத்தில் நின்றாலும் எலும்புதான் உயரம். ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று இப்போதும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். விவாதம் மட்டுமே மிச்சம். அந்த எலும்புகள் உலுத்துப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டன. படங்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டுதான் 2022இல்கூட அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. இருந்த இடத்திலேயே கூரை போட்டுப் பாதுகாத்திருக்க முடிந்திருக்குமா என்று இன்று கேட்பது எளிது. அந்த எலும்பின் பலவீனத்தைப் பார்த்தால் முடிந்திருக்காது என்றே தோன்றுகிறது. ஆனால் போன பொருள் போனதுதான் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை.

இந்தக் கணக்கில் சாத்தனூர் ஒரு திருப்பம். 1940இல் அந்தக் கல்மரத்தை அடையாளம் கண்டவர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சை மண்ணில் பிறந்தவர். பின்னாளில், 1951இல், புவியியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். நூறாண்டுக் காலம் பெட்டியில் அடைத்து அனுப்பிய வழக்கத்துக்கு மாறாக, இந்த மரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. 18 மீட்டர் நீளக் கல்லைத் தூக்கிப்போக முடியாது என்பதும் ஒரு காரணம்தான். அதனால் என்ன? கிடந்த இடத்தில் கிடப்பதால் அதற்கு ஒரு தனி மதிப்பு வருகிறது. கொல்கத்தா அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சிப்பி ஒரு பொருள். சாத்தனூர் ஓடையில் கிடக்கும் மரம் ஒரு நிகழ்ச்சி. கடலோரத்தில் வளர்ந்த ஊசியிலை மர வகை அது. நீரில் அடித்துவரப்பட்டுச் சேற்றிலும் மணலிலும் புதைந்தது. காற்றுப் படாததால் மக்கவில்லை. சிலிக்கா கரைந்த நீர் மரத்தின் நுண்ணிய அறைகளுக்குள் ஊறி ஊறி, மரப்பொருள் போகப்போக அதன் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. ஆகவே கிட்டப்போய்ப் பார்த்தால் நார் ஓடிய வாட்டம் அப்படியே தெரியும். கிளை முளைத்த கணு, தச்சன் இழைத்துக் கொடுத்த பலகையில் தெரிவதுபோல, கல்லில் சுழித்துக் கிடக்கும். மரக்கடையில் பலகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மரம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தட்டினால் கல்லின் ஓசை. இந்த இரண்டும் ஒன்றாக வந்து மோதும் அந்த நொடிக்காகத்தான் பிள்ளையை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்கிறேன்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் உள்ள தேசியக் கல்மரப் பூங்காவை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாத்தனூரைவிடப் பெரியது, 247 ஏக்கர், சுமார் 200 கல்மரங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான பியர் சொன்னெரா அவற்றைப் பற்றி எழுதினார். வயதில் இளையவை, சுமார் 2 கோடி ஆண்டு. நெய்வேலி நிலக்கரியோடு சேர்த்துப் பேசப்படும் கடலூர் மணற்கல்லில்தான் அவையும் கிடக்கின்றன. கிளையும் வேரும் பட்டையும் இல்லாமல் அடிமரங்களாகவே கிடப்பதால், எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்று கணிக்கிறார்கள். அங்கே வந்து பார்க்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு, அதிலும் பௌர்ணமியன்று, வருகிறவை. கோயில் இருப்பதால் பூங்காவுக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வருகிறேன்.

'பூங்கா என்றால் பெரிதாக, பசுமையாக, விளையாட வசதியாக இருக்க வேண்டாமா?' என்பது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் அரசு மக்களுக்கென்று பூங்கா அமைத்த வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியனின் முயற்சியில் பீப்பிள்ஸ் பார்க் உருவானது. பரந்த நிலம், குளங்கள், பிறகு ஒரு விலங்குக் காட்சிச்சாலையும். அந்த நிலத்தில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. இன்று பூங்கா என்று சொல்லத் தக்க மிச்சம் மிகக் கொஞ்சம். விலங்குகள் 1985இல் வண்டலூருக்குப் போயின. கிண்டியில் 1958இல், நேருவின் தூண்டுதலால், ஆளுநர் மாளிகைக் காட்டின் ஒரு பகுதி வனத்துறைக்கு மாற்றப்பட்டு மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அமைந்தன. அதே காட்டிலிருந்து கல்வி நிறுவனத்துக்கும் நினைவகங்களுக்கும் நிலம் போய்க்கொண்டே இருந்தது. 1978இல் தேசியப் பூங்காவானபோது எஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். பசுமைக்காக மட்டும் ஒதுக்கிய நிலத்துக்கு நகரத்தில் நேரும் கதி இது. நாளை இன்னொரு தேவை வரும், அதுவும் நியாயமான தேவையாகவே இருக்கும், பூங்கா சுருங்கும். கல்மரத்தை நகர்த்த முடியாது. அதன் சிறுமையே அதற்குக் காவல். அந்த நிலத்தை எடுத்துக் கட்ட யாருக்கும் ஆசை வராது. ஆகவே பேரன் காலத்திலும் அது அங்கே இருக்கும் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். சென்னைப் பூங்காக்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 12 கோடி ஆண்டு என்றால் என்ன புரியும்? அசையாத கல்லை எவ்வளவு நேரம் பார்க்கும்? சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் 1850களில் இதை நேரிலேயே கண்டார். அருங்காட்சியக வளாகத்தில் உயிருள்ள புலியும் சிறுத்தையும் இருந்தபோது கூட்டம் பெருகியதைப் பார்த்து, ஆற்காட்டு நவாபிடமிருந்து விலங்குகளைப் பெற்று அங்கேயே ஒரு காட்சிச்சாலையைத் தொடங்கினார். கல்லைவிடப் புலிதான் ஈர்க்கும் என்பது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈர்ப்பும் புரிதலும் வேறு வேறு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் வெட்டியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, சுற்றுவட்டாரம் திரண்டது. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டையல்ல, அம்மோனைட் என்னும் கடல் உயிரைச் சுற்றித் திரண்ட கல்லுருண்டைகள் என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். எனக்கு அதில் தெரிவது இரண்டு: கல்லைப் பார்க்கக் கூட்டம் வரும், சரியான சேதியைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் தவறான சேதி முந்திக்கொள்ளும். கடலே இல்லாத குன்னத்தில் கடல் உயிர் கிடைத்தது என்பது முட்டையைவிடப் பெரிய சேதி. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வாய்ப்பை நாம் நழுவவிட்டோம்.

புரியுமா என்ற கேள்விக்குப் பெண்ணாடம் தன் மரபிலேயே ஒரு விடை வைத்திருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் தலைநூலான சிவஞான போதத்தைத் தந்த மெய்கண்டாரின் தந்தை, அச்சுத களப்பாளர், இந்த ஊர்க்காரர். பிள்ளைக்கு மூன்று வயது நிரம்புமுன்பே ஞான உபதேசம் கிடைத்தது என்பதும், வயதில் மூத்த அருணந்தியார் அந்தச் சிறுவரையே குருவாகக் கொண்டார் என்பதும் புராணம் சொல்வது. வரலாற்றுச் சான்றாக இதைக் காட்டவில்லை. சிறுபிள்ளைக்கு என்ன தெரியும் என்று அலட்சியமாகப் பேசாத ஒரு மனப்பாங்கு இந்த ஊரில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து போற்றப்படுகிறது என்பதற்குச் சொல்கிறேன். இன்னொன்று. இங்குள்ள பிரளயகாலேசுவரர் கோயிலில் நந்தி இறைவனைப் பார்க்காமல் வெளியே திரும்பியிருக்கும். ஊழிவெள்ளம் வந்தபோது அதைத் தடுத்து நிறுத்தத் திரும்பியது என்று தலவரலாறு சொல்லும். ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய கடலுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்க வழியில்லை. அந்தக் கடலைப் பார்த்த மனிதன் எவனும் இல்லை. இதை மழுப்பாமல் பிள்ளையிடமே சொல்லிவிடலாம். ஆனால் நந்தியின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, 'இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது' என்ற வாக்கியம் அந்நியமாக இருக்காது. எண்ணிக்கை புரியாமல் போகட்டும். பூச்சியங்களைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள் என்பது அதிகாரிகள் பக்கத்து அச்சம். உடைப்பார்கள், பெயர் கிறுக்குவார்கள், துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். பொய்யான அச்சம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே சொன்ன வரலாற்றில் பெரிய இழப்புகள் எவற்றால் வந்தன? ஏற்றுமதியால், வெயில் மழையால், கல்லுடைப்பால். கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல் திருச்சிராப்பள்ளிப் பளிங்கு என்ற பெயரில் அறுத்து மெருகேற்றி விற்கப்பட்டது. அதில் பளபளத்ததெல்லாம் அம்மோனைட் காலத்துச் சிப்பிகள். ஐந்து வயதுக் கைகளுக்கு இவற்றில் பங்கில்லை. வேலி வேண்டும், காவலும் வேண்டும். அதோடு வேலிக்கு வெளியே, நிழலில், பிள்ளைகள் எடுத்துத் தடவிப் பார்க்க நாலைந்து சிறு கற்களை ஒரு மேசைமேல் வைத்தால் மரத்தைச் சுரண்டும் ஆசை பாதி அடங்கும். அரியலூர் பக்கத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கும்போது பூங்கா எதற்கு என்றும் கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும். அங்கே பெயர்களைக் கற்கலாம். இடத்தை இங்கேதான் பார்க்க முடியும்.

கடைசியாக, கோயில் குளம் என்று போகும் மக்களிடம் இது எடுபடுமா என்ற ஐயம். எடுபடும், திருவக்கரையே சாட்சி. நம் நாட்டில் பழைய இடங்கள் பிழைத்துக் கிடப்பது சட்டத்தால் மட்டும் அன்று, பிள்ளைகளை அங்கே கொண்டுபோகும் வழக்கத்தாலும்தான். மொட்டை போட, காது குத்த, மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் முழுக, பதினெட்டாம் பெருக்குக்கு வெள்ளாற்றங்கரையில் கூட, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட என்று போகும்போது தோளில் ஒரு பிள்ளை இருக்கிறது. அது வளர்ந்து தன் பிள்ளையைத் தூக்கி வருகிறது. அதனால் அந்த இடத்தை யாரும் மறப்பதில்லை. சுவர் இடிந்தால் கேட்க ஆள் இருக்கிறது. கல்மரத்துக்கு அப்படி ஒரு கூட்டம் இன்னும் சேரவில்லை. சடங்கு ஒன்றைப் புதிதாக உண்டாக்கச் சொல்லவில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் குடும்பம் சாத்தனூருக்கும் வண்டியைத் திருப்பலாம். கங்கைகொண்ட சோழபுரம் போகும் பள்ளிச் சுற்றுலா, ஆயிரம் ஆண்டுப் பழமையோடு கோடி ஆண்டுப் பழமையையும் ஒரே நாளில் காட்டலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாசிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் அந்தப் பொட்டலில் பிள்ளை தாங்காது. தண்ணீரும் சோறும் கட்டிக்கொண்டு போங்கள். கேள்வி கேட்டால் அவசரப்படுத்தாதீர்கள், கணுவைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரசுக்கு: நிழல், குடிநீர், கழிப்பறை, எளிய தமிழில் பிள்ளையின் கண்மட்டத்தில் ஒரு பலகை. இதற்குக் கோடிகள் வேண்டாம். 1846இல் லண்டனில் அச்சேறிய விருத்தாசலத்துக் கடல்படிவங்களுக்கும், பரூர் பக்கம், இதேபோல ஒரு சின்ன வேலியும் பலகையும் கேட்கப் பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்து ஆசிரியர்களும் பெற்றோரும் முன்வர வேண்டும்.